வேண்டாம் என்பவர்களின் கேள்விகளில் பாதி சரியானவை

லண்டனில் வேலை பார்க்கும் 36 வயதுத் தமிழ்ப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 112 கிலோ. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை. தூக்கத்தில் மூச்சடைப்பு. குடும்ப மருத்துவரான ஜி.பி. எடைக்குறைப்புப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையில் அந்த வரிசை பல பகுதிகளில் வருடக்கணக்கில் நீள்கிறது. தனியார் மருத்துவமனையில் கேட்டால் ஏறத்தாழ 10,000 பவுண்டு என்கிறார்கள். கைபேசியைத் திறந்தால் இஸ்தான்புல் விளம்பரம்: ஆப்பரேஷன், ஹோட்டல், விமான நிலையத்தில் கார், மொழிபெயர்ப்பாளர், எல்லாம் சேர்த்து 3,000 பவுண்டுக்கு முன்னே பின்னே. அவர் முடிவெடுத்துவிட்டார். இனி வீட்டில் சொல்ல வேண்டும்.

சொன்னதும் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். திருச்சியிலிருந்து வீடியோ காலில் அம்மா: "வயித்த அறுத்துக்கற வயசாடி இது? ராத்திரி சாதத்த நிறுத்து, காலைல நட. உங்க பெரியம்மா பொண்ணு குறைக்கலையா?" பின்னால் ஈசிசேரில் இருக்கும் அப்பா வாயே திறக்கமாட்டார். மாமியார் நேராகச் சொல்லாமல் மகனிடம் சொல்வார். கணவர் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு "உன் இஷ்டம்" என்பார். எல்லா எதிர்ப்பிலும் கடினமானது இந்த "உன் இஷ்டம்"தான். அதனுடன் வாதாட முடியாது.

இங்கே பலரும் ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டார் சொல்லும் "வேண்டாம்" ஒரே எதிர்ப்பு என்று நினைத்து, அதை ஒரே மூச்சில் முறியடிக்கப் பார்க்கிறார்கள். அதற்குள் குறைந்தது இரண்டு தனித்தனி வழக்குகள் இருக்கின்றன. எடைக்காக அறுவை சிகிச்சை தேவையா என்பது ஒன்று. அதை முன்பின் தெரியாத ஊரில் போய்ச் செய்துகொண்டு நாலாம் நாள் திரும்பி வரலாமா என்பது இன்னொன்று. முதலாவதில் வீட்டார் சொல்வது பெரும்பாலும் தவறு. இரண்டாவதில் அவர்கள் கேட்பது பெரும்பாலும் சரி. இரண்டையும் சேர்த்துப் பேசினால், அம்மா "பயமா இருக்கு" என்பதை மகள் "என்னைச் சோம்பேறி என்கிறாள்" என்று கேட்பாள்; மகள் "சர்க்கரை குறையும்" என்பதை அம்மா "அழகுக்காக அலைகிறாள்" என்று கேட்பாள்.

முதல் வழக்கைப் பார்ப்போம். வாயைக் கட்டினால் போதாதா?

கொஞ்சம் எடை கூடியவருக்குப் போதும். முப்பது நாற்பது கிலோ கூடியவருக்கு உடம்பே எதிர்த்து நிற்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததும் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடுகிறது, உடம்பு எரிக்கும் கலோரி குறைகிறது. குறைந்த எடையை மீட்டுவிடத்தான் உடல் பாடுபடுகிறது. ஸ்லீவ் ஆப்பரேஷனில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை நீக்கி, மிச்சத்தை வாழைப்பழம் போல நீண்ட குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். நீக்கப்படும் மேல்பகுதிதான் கிரெலினை அதிகம் சுரக்கும் இடம். அதனால் கொள்ளளவோடு பசியும் குறைகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேலே சிறு பை ஒன்றை மட்டும் விட்டு, சிறுகுடலை நேராக அதில் இணைக்கிறார்கள். ஸ்லீவில் வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இதை மறைக்காமல் வீட்டில் சொல்லிவிட வேண்டும்; பிறகு தெரிந்தால் நம்பிக்கை போய்விடும்.

நம் வீடுகளில் எடை என்றால் அழகுப் பேச்சாகிவிடும்; சர்க்கரை என்றால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆகவே பேச்சை அங்கிருந்து தொடங்குவது நல்லது, அதுதான் உண்மையும்கூட. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் சர்க்கரை நோயாளிகள் 150 பேரை வைத்து நடத்திய ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017-இல் வந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.0 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், அறுவை சிகிச்சை செய்தவர்கள் அதே அளவு பருமனோடு அதைச் செய்யாமல் இருந்தவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். இது மந்திரமும் இல்லை. சிலருக்குச் சில வருடங்களில் எடையில் ஒரு பகுதி திரும்ப ஏறுகிறது.

"அத்தன பருமன் இல்லையே நீ" என்பார்கள் சிலர். தெற்காசிய உடம்புக்கு அளவுகோலே வேறு. குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுகின்றன. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு அறுவை சிகிச்சைக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை அளவு) 40, அல்லது கூடவே நோய் இருந்தால் 35 என்கிறது. தெற்காசியக் குடும்பத்தினருக்கு இந்த இரண்டிலும் 2.5 குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. அமெரிக்க, சர்வதேச எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5 என்று இன்னும் கீழே இறங்கியது.

இப்போது புதிதாக இன்னொரு குரலும் சேர்ந்திருக்கிறது: "அதான் ஊசி வந்துடுச்சே!" நியாயமான கேள்வி, இதை ஒதுக்கக் கூடாது. வீகோவி என்னும் எடைக்குறைப்பு ஊசியில் சராசரியாக 15 சதவீதம், மவுஞ்சாரோவில் 20 சதவீதம் வரை எடை குறைவது ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் வீகோவியை நிறுத்திய ஒரு வருடத்துக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. காலம் முழுக்க ஊசி, காலம் முழுக்கச் செலவு. சிலருக்கு அதுவே சரியான வழி. ஊசியை முயலாமலே கத்திக்குப் போகிறவர் ஏன் என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். வீட்டார் கேட்கும்போது பதில் தயாராக இருக்கும்.

அடுத்தது உயிர் பயம். இதை "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று தட்டிவிடுகிறவர்கள் தவறு செய்கிறார்கள். 2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு ஆப்பரேஷனின்போது ஓர் இளைஞர் இறந்துபோனார். அரசு விசாரித்து அந்த மருத்துவமனையின் பதிவை நிறுத்திவைத்தது. அந்தச் செய்தி ஓடாத தமிழ்த் தொலைக்காட்சி இல்லை. அம்மாவின் கண்ணில் நிற்பது அந்தப் படம்தான். அதற்கு எதிரே வைக்க வேண்டியது: அனுபவமுள்ள மையங்களில் இந்த ஆப்பரேஷனால் இறப்பது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. பித்தப்பைக் கல்லுக்குச் செய்யும் ஆப்பரேஷனின் ஆபத்தும் ஏறத்தாழ இதே அளவுதான், அதைச் செய்துகொண்ட அத்தையோ சித்தப்பாவோ எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். பூஜ்யம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பொய், அம்மாவுக்கும் தெரியும்.

இனி இரண்டாவது வழக்கு. இங்கே நான் வீட்டார் பக்கம்.

அந்த "அனுபவமுள்ள மையங்களில்" என்ற சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஸ்லீவ் ஆப்பரேஷனில் பயப்பட வேண்டிய சிக்கல், தையல் கோட்டில் கசிவு. நூறில் ஒருவர், இருவருக்கு வரலாம். அது மேசையில் தெரியாது. மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ, சமயத்தில் அதற்கும் பிறகோ தெரியும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும், காய்ச்சல் வரும், வயிறும் இடது தோளும் வலிக்கும், மூச்சு வாங்கும். விளம்பரத் திட்டப்படி அந்த நேரத்தில் நோயாளி எங்கே இருப்பார்? ஹீத்ரோவில் இறங்கி வீட்டு சோபாவில். அறுத்த மருத்துவர் 2,500 கிலோமீட்டருக்கு அப்பால். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் ஒருங்கிணைப்பாளர் "இது சகஜம், தண்ணீர் குடியுங்கள்" என்று பதில் போடலாம். ஆப்பரேஷன் முடிந்த கையோடு விமானத்தில் மணிக்கணக்கில் உட்கார்வதால் காலில் ரத்தக்கட்டு உண்டாகும் ஆபத்து வேறு.

துருக்கியில் திறமையான அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள், நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன. வெளிநாட்டு நோயாளிகளை ஏற்கும் நிலையங்களுக்கு அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் தனி அங்கீகாரச் சான்று தருகிறது. அதைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கலாம். கூடவே இதுவும் உண்மை: மருத்துவத்துக்காகத் துருக்கி சென்ற பிரிட்டன் குடிமக்களில் 2019 ஜனவரிக்குப் பின் 25-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக பிரிட்டன் வெளியுறவுத் துறை தன் பயண அறிவுரையில் எழுதியது. இதில் எல்லா வகைச் சிகிச்சையும் சேர்த்தி, போய்ச் சுகமாகத் திரும்பியவர்கள் ஏராளம். 2023 தொடக்கத்தில் துருக்கியில் எடைக்குறைப்புக்காக இரைப்பையில் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு ஊர் திரும்பிய பலருக்கு பொட்டுலிசம் என்னும் நச்சு வாதம் வந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மருத்துவமனைகள் அவர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. ஊர் திரும்பிய பிறகுதான் தொல்லை தொடங்கியது என்பதைக் கவனியுங்கள்.

ஆக, அப்பா கடைசியில் வாய் திறந்து "திரும்பி வந்தப்புறம் ஒண்ணுன்னா யாரு பார்ப்பா?" என்று கேட்டால், அதை எதிர்ப்பு என்று எண்ணாமல் அந்தக் கேள்வியை அப்படியே மருத்துவமனைக்கு எழுதி அனுப்புங்கள். கத்தியைப் பிடிக்கப்போகிறவர் பெயர் என்ன, அவரோடு முன்கூட்டியே பேச முடியுமா, அல்லது ஆப்பரேஷன் அன்று காலையில்தான் முகத்தைப் பார்ப்போமா? என் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மருந்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு "சரி" என்றாரா, அல்லது எடையையும் உயரத்தையும் மட்டும் கேட்டு "சரி" என்றார்களா? கசிவு வந்தால் மறு ஆப்பரேஷனுக்கும் கூடுதல் நாட்களுக்கும் யார் பணம்? ஆப்பரேஷன் குறிப்பு ஆங்கிலத்தில் கையில் கிடைக்குமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத இடத்துக்கு முன்பணம் கட்டக் கூடாது. சாதாரணப் பயணக் காப்பீடு திட்டமிட்ட சிகிச்சைக்குப் பணம் தராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஜி.பி.யிடமும் ஒன்று கேட்க வேண்டும். அவசரம் என்றால் என்.எச்.எஸ். பார்க்கும். ஆனால் எடைக்குறைப்பு ஆப்பரேஷன் என்பது ஒரு நாள் வேலை இல்லை. பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை வருடாவருடம். குறைந்தது இரண்டு ஆண்டு, ஆப்பரேஷன் செய்த குழுவே தொடர்ந்து பார்க்க வேண்டும் என்கிறது நைஸ். வெளிநாட்டில் தனியாகச் செய்துகொண்டு வந்தவருக்கு அந்த இரண்டு ஆண்டை யார் பார்ப்பார்கள் என்பதற்கு ஜி.பி. ஒரு தெளிவான பதில் சொன்ன பிறகே டிக்கெட் போடுவது நல்லது.

இந்தக் கட்டத்தில் அம்மா ஓர் உடன்படிக்கை முன்வைப்பார்: "அப்படிப் பண்ணித்தான் ஆகணும்னா இங்க வந்து பண்ணிக்கோ." யோசிக்கத்தக்க யோசனைதான். சென்னையிலும் கோவையிலும் இந்த ஆப்பரேஷனை வருடக்கணக்கில் செய்துவரும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். தமிழிலேயே கேள்வி கேட்கலாம். நாலாம் நாள் விமானம் ஏற வேண்டாம். மூன்று நான்கு வாரம் பிறந்த வீட்டில் இருக்கலாம், கசிவுக்கான ஆபத்துக் காலம் பெரும்பாலும் அங்கேயே கழிந்துவிடும். இரண்டு ஆண்டுக் கண்காணிப்பு என்ற சிக்கல் மட்டும் இஸ்தான்புல்லைப் போலவே இங்கும் அப்படியே இருக்கும்.

பிறந்த வீட்டுக்கு ஒரு பிரச்சினை உண்டு, அது சமையலறை. ஆப்பரேஷன் முடிந்த முதல் இரண்டு வாரம் திரவ உணவு மட்டும். மருந்து பாட்டிலோடு வரும் சின்ன மூடி அளவில் தண்ணீரை வாயில் வைத்து, விழுங்கி, சில நிமிடம் பொறுத்து, அடுத்த வாய். பிறகு மசித்தது, அதற்குப் பின் மென்மையானது. அம்மாவோ டம்ளர் நிறையக் கஞ்சியோடு கட்டில் ஓரத்தில் நிற்பார். "இத்தினியூண்டு குடிச்சா உடம்பு எப்படித் தேறும்?" பாசத்தில் குடிக்கும் அந்த அரை டம்ளர் வாந்தியாகும், வாந்தி தையலை இழுக்கும். எனவே மருத்துவமனையில் உணவு ஆலோசகர் பேசும்போது பக்கத்து நாற்காலியில் அம்மா இருக்க வேண்டும். மகள் சொன்னால் "டயட்டு", வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால் "பத்தியம்". பத்தியம் காப்பதில் நம் அம்மாக்களை மிஞ்ச ஆள் கிடையாது.

சம்மதக் கையெழுத்து பற்றியும் ஒரு தெளிவு வேண்டும், ஏனென்றால் ஊர் மருத்துவமனைகளில் "கூட யார் வந்திருக்கீங்க, கையெழுத்துப் போடுங்க" என்பது வழக்கம். அதைப் பார்த்து, வீட்டார் ஒப்புக்கொண்டால்தான் ஆப்பரேஷன் என்று பலர் நம்புகிறார்கள். 2008 ஜனவரியில் சமீரா கோஹ்லி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி மருத்துவர் கருப்பையையும் சினைப்பைகளையும் நீக்கினார். உயிருக்கு அவசரம் இல்லாத நிலையில், வயது வந்த, சுயமாக முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். தாய் "சரி" என்று சொல்லி ஒப்புக்கொடுக்க முடியாதபோது, "கூடாது" என்று தடுக்கவும் சட்டத்தில் இடமில்லை. பிரிட்டனிலும் நோயாளியின் சம்மதமே போதும்.

அப்படியானால் யாரிடமும் சொல்லாமல் போய்விடலாமே? ஆபீஸ் வேலையாக இஸ்தான்புல் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆப்பரேஷன் செய்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. சண்டை மிச்சம் என்று நினைக்கிறார்கள். பத்தாம் நாள் இரவு காய்ச்சலில் பிதற்றும்போது, ஆம்புலன்ஸில் வந்தவரிடம் "இவளுக்கு ஸ்லீவ் ஆகியிருக்கிறது" என்று சொல்ல வீட்டில் ஆள் வேண்டும். நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் பி1 சத்து இறங்கி மூளையே பாதிக்கப்படலாம். தெரியாதவர்கள் "ஊர்த் தண்ணி ஒத்துக்கல" என்று இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள்.

அனுமதி கேட்பதற்கும் தெரிவிப்பதற்கும் நடுவே இடம் இருக்கிறது. யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று பிரித்துக்கொண்டால் அது புலப்படும். பெரியம்மாவிடமும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் எதையும் விளக்கத் தேவையில்லை. அங்கே பேச்சைத் தொடங்கினால் நாற்பது பேர் நாற்பது காணொளி அனுப்புவார்கள். பெற்றோருக்குப் பயம், அதற்கு விவரம் மருந்து. கணவரோ மனைவியோ அப்படியில்லை. சேமிப்பு இருவருடையது, குழந்தைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகப் போகிறவர் அவர், இரவில் விழிக்கப் போகிறவரும் அவர். அவருடைய தயக்கத்துக்கு எடை உண்டு. அவரை மருத்துவர் ஆலோசனையில் முதலிலிருந்தே உட்கார வைக்க வேண்டும்; முன்பணம் கட்டிவிட்டு "புக் பண்ணிட்டேன்" என்று பிறகு சொல்லக் கூடாது. "உன் இஷ்டம்" என்பவரிடம் மறுபடி மறுபடி சம்மதமா என்று கேட்பதைவிட, "முதல் பத்து நாள் நீ லீவு போட முடியுமா?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும்.

மாமியார் மனசில் இருப்பது பெரும்பாலும் பேரக்குழந்தை. அவர் நேராகக் கேட்கமாட்டார் என்பதால் நாமே சொல்லிவிடலாம்: ஆப்பரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது, எடை நிலைபெற வேண்டும். அதற்குப் பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு முன்பைவிட மேம்படுவதும் உண்டு. எடையால் மாதவிடாய் ஒழுங்கற்றிருந்த பலருக்கு அது சீராகிறது, அதனால்தான் அந்த 18 மாதத்தில் கருத்தடையில் அசட்டை கூடாது. இந்தச் செய்தியைச் சொல்லவே கூச்சப்பட்டு, இரண்டு வருடம் மனஸ்தாபத்தோடு ஓட்டும் வீடுகள் இருக்கின்றன.

எல்லாம் சொல்லியும் வீட்டார் மசியாமல் இருக்கலாம். வயது வந்தவர் தன் உடம்புக்குத் தானே முடிவெடுக்கலாம், போகலாம். ஆனால் இரண்டு சூழ்நிலைகளில் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம் என்பேன். திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ள வீட்டாரோ நண்பரோ ஒருவர்கூட இல்லை என்றால் ஒன்று. "இந்த வாரம் கட்டினால் 500 பவுண்டு தள்ளுபடி" என்பதால் முடிவு எடுக்கப்பட்டது என்றால் மற்றொன்று. தவிர, கவலை வந்தால் கட்டுப்பாடின்றிச் சாப்பிடும் பழக்கத்தையோ குடியையோ வீட்டார் சுட்டிக்காட்டினால் கோபப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பைபாஸ் ஆனவர் ரத்தத்தில் மது சட்டென்று ஏறும்; மனநல மதிப்பீட்டை ஆப்பரேஷனுக்கு முன் வற்புறுத்துவது அதனாலும்தான்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று சொன்ன அடுத்த நிமிடம் பிள்ளைகள் உங்களிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிடுவார்கள், ஆனால் இஸ்தான்புல் டிக்கெட்டை நிறுத்தமாட்டார்கள். அறுவை மருத்துவர் யார், கசிந்தால் எங்கே போவாய், இரண்டு வருடம் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதில் இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்கு ஆளனுப்புங்கள், அல்லது நீங்களே விசா எடுத்துக்கொண்டு போங்கள். பதில் இல்லையென்றால், உங்கள் மகளே அந்த மருத்துவமனை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.